ஓடையில் இறங்கும் முன் மேட்டில் நடங்கள்

வாசகர் கேள்வி – பதில்

நகர ஓடைகளை மீட்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குப்பையைப் பற்றித்தான். குப்பை கண்ணில் படுகிறது, கோபம் முதலில் அதன்மேல் போகிறது. அது நியாயமான கோபம்தான். ஆனால் எனக்கு இந்த ஓடைகளோடு இருபத்தாறு வருடப் பழக்கம். முதலில் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன், அப்புறம் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடைக்குள்ளேயே இறங்கிவிட்டேன். இத்தனை வருடத்தில், தானாக நோய் வந்த ஓடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லா நோயும் மேட்டிலிருந்து, அதாவது ஓடைக்கு மழைநீரை அனுப்பும் மேல்நிலத்திலிருந்து, இறங்கி வந்ததுதான். கீழே உள்ள பதில்களில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. மூன்று முறை ஆள் திரட்டிக் குப்பை அள்ளினோம். ஒரு மழை பெய்ததும் பழையபடி ஆகிவிட்டது. கரையும் இடிந்து இடிந்து வீடுகளின் பின்சுவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பிவிடலாம் என்கிறார் ஓர் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எங்காவது வீட்டுச் சுவரே சாயும் நிலையில் இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் உடனே தாங்கல் கொடுங்கள். மற்ற இடங்களுக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

கரை ஏன் இடிகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 சதுர மீட்டர் கூரைமேல் 25 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 3,000 லிட்டர் தண்ணீர். மேட்டில் அப்படி 500 வீடுகள் இருந்தால் 15 லட்சம் லிட்டர். அந்த மழை அரை மணி நேரத்தில் கொட்டி, கூரைக் குழாய்கள் எல்லாம் வடிகாலோடு இணைந்திருந்தால், நொடிக்கு 800 லிட்டருக்கு மேல் உங்கள் ஓடைக்குள் பாய்கிறது. தெருக்களையும் வண்டி நிறுத்துமிடங்களையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. அந்த மேடு மண்ணும் மரமுமாக இருந்த காலத்தில் இதே மழையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தரைமேல் ஓடியிருக்கும். மிச்சம் இலையில் தங்கி, மண்ணில் இறங்கி, நாள்கணக்கில் ஊறி ஊறி ஓடைக்கு வந்திருக்கும். ஓடையின் அகலமும் ஆழமும் அந்தப் பழைய வரத்துக்கு ஏற்ப அமைந்தவை. புது வரத்துக்கு இடம் போதவில்லை. அதனால் தண்ணீர் படுகையையும் கரையையும் அறுத்துத் தனக்கு இடம் செய்துகொள்கிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஒரு கல்லைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சுவர் எழுப்பினால், வழுவழுப்பான அந்தச் சுவரோரம் தண்ணீர் இன்னும் வேகமெடுக்கும். சுவர் முடிகிற இடத்தில் அடுத்த தெருக்காரர்களின் கரை போகும். படுகை மண்ணாகவே இருந்தால் சுவரின் கால்மாட்டையே நீர் தோண்டும். அப்படித் தோண்டப்பட்டு ஓடைப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும் சுவர்களைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

நானும் ஒருமுறை மேட்டைப் பார்க்காமல் ஓடையில் இறங்கியவள்தான். வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஓடையின் கரையைச் சரித்து 400 கன்றுகள் நட்டோம். பள்ளிப் பிள்ளைகள் தினமும் வந்து தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு பெரிய வணிக வளாகத்தின் வடிகால் எங்களுக்கு மேலே, பார்வைக்கு எட்டாத வளைவில், அந்த ஓடையில் சேர்ந்திருந்தது. நாங்கள் அதுவரை நடந்து போய்ப் பார்க்கவில்லை. முதல் பெருமழையில் கன்று, கல், மண் எல்லாம் போயிற்று. மறுநாள் காலை ஒரு சிறுமி, தன் பெயர் எழுதிக் கட்டிய குச்சியைச் சேற்றில் தேடிக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மேட்டை நடந்து பார்க்காமல் நான் மண்வெட்டியைத் தொட்டதில்லை.

நீங்களும் நடையிலிருந்து தொடங்குங்கள். மழை பெய்யும்போதே, ஓடைக்குள் இறங்காமல், தெருத்தெருவாகப் போங்கள். இடி மின்னல் இருந்தால் போக வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று தாளில் அம்புக்குறி போடுங்கள். எந்த நிலத்தில் விழும் மழை கடைசியில் உங்கள் ஓடைக்கு வந்து சேருகிறதோ அதுதான் உங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதன் எல்லை உங்கள் சங்கத்தின் எல்லையாக இருக்காது. மேட்டுத் தெருக்காரர்களையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், வானம் வெளுத்து நீர் வடிந்த பிறகு, ஓடைக்குள் கீழிருந்து மேலாக நடங்கள். படுகையில் ஓரிடத்தில் சின்ன அருவி போலத் திடீரென்று ஒரு படி விழுந்திருக்கிறதா? அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெருமழைக்கும் அந்தப் படி மேல்நோக்கி நகரும். அது கடந்து போன இடத்தில் படுகை ஆழமாகிக் கரை செங்குத்தாக நிற்கும், பிறகு சரியும். படியைக் கற்கள் கொண்டு நிலைநிறுத்தாமல் அதற்குக் கீழே எவ்வளவு நட்டாலும் நிற்காது.

வரத்தைக் குறைப்பதற்குக் கூரைக் குழாயை வடிகாலிலிருந்து பிரித்து மழைத்தோட்டத்தில் விடுவது நல்ல தொடக்கம். மழைத்தோட்டம் என்பது மழைநீர் நின்று மண்ணில் இறங்குவதற்காகச் செடி நட்ட ஆழமற்ற பள்ளம். கூரைப் பரப்பில் பத்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை இடம் போதும். ஒரு சாண் ஆழம், மணல் கலந்த மண், வீட்டு அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி. நிரம்பி வழிந்தால் நீர் பத்திரமாக வெளியேற ஒரு வாய்க்கால் வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தின் ஓரக்கல்லில் இடைவெளி வெட்டி, நீரைப் பக்கத்துப் புல்தரைப் பள்ளத்துக்குத் திருப்பலாம். 500 வீடும் சம்மதிக்கும் வரை காத்திருக்காதீர்கள். ஐம்பது வீட்டில் தொடங்குங்கள்.

வரத்து அடங்க ஆரம்பித்த பிறகு கரைக்கு வாருங்கள். இடம் இருந்தால் செங்குத்துக் கரையைச் சரிவாக்குங்கள். தென்னைநார்ப் பாய் விரித்து, உங்கள் மண்ணுக்குரிய நாணலும் கோரையும் நட்டு, போத்து வைத்தால் வேர்விடுகிற மரங்களின் கிளைகளை நெருக்கமாக ஊன்றுங்கள். பாய் சில வருடங்களில் மக்கிவிடும், அதற்குள் வேர் பிடித்துவிடும்.

சிங்கப்பூரில் காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, பிஷான் பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து ஓடும் 3 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள். 2012-இல் திறந்தார்கள். கரையைப் பிடித்து நிறுத்தும் பத்து வித உத்திகளை முதலில் ஒரு சிறு துண்டில் சோதித்துப் பார்த்த பிறகுதான் முழு நீளத்துக்கும் போனார்கள். பெருமழையில் பூங்காவின் புல்வெளியே ஆறாகிறது. ஆட்களை வெளியேற்றச் சங்கொலியும் விளக்கும் வைத்திருக்கிறார்கள். அந்த ஆற்றுக்குப் பரந்துகொள்ள இடம் கொடுத்தார்கள் என்பதுதான் அங்கே எனக்குப் பிடித்த விஷயம்.

குப்பை விஷயம்: பெரும்பாலும் அது வடிகால் வாய்களின் வழியாகத்தான் வருகிறது. எந்த வாயில் அதிகம் நுழைகிறது என்று உங்கள் அம்புக்குறிப் படமே காட்டிவிடும். அங்கே சல்லடை போட்டு, அதைத் துப்புரவு செய்ய ஆளும் நாளும் குறித்துவிடுங்கள்.

கேள்வி: மழையே இல்லாத நாளிலும் எங்கள் ஓடையில் சாம்பல் நிறத் தண்ணீர் ஓடுகிறது, நாற்றம் தாங்கவில்லை. கோடையில் மீன்கள் செத்து மிதந்தன. நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றினால் சரியாகும் என்று விற்க வருகிறார்கள். வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: வாங்காதீர்கள் அம்மா. குழாய் திறந்திருக்கும்போது தரையைத் துடைப்பதால் என்ன பயன்? முதலில் குழாயைக் கண்டுபிடிப்போம்.

தொடர்ந்து மூன்று நாள் மழை இல்லாத ஒரு காலையில், இரண்டு மூன்று பேராக, கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஓடை நெடுக நடங்கள். கையில் காயம் உள்ளவர்கள் வர வேண்டாம். ஓடையில் வாய் திறக்கும் குழாய் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். மழைநீர்க் குழாயில் மழை இல்லாத நாளில் தண்ணீர் ஓடினால் அது ஊற்றுநீராக இருக்கலாம், உடைந்த குடிநீர்க் குழாயாக இருக்கலாம், அல்லது யாரோ வீட்டின் கழிவுநீர் தவறாக இணைந்திருக்கலாம். குழாய் வாயில் சாம்பல் நிறப் பஞ்சு போல வழவழப்பாகப் படிந்திருந்தால் பெரும்பாலும் கழிவுநீர்தான்.

சந்தேகம் இருந்தால் நான் செய்கிற ஒரு எளிய சோதனையைச் சொல்கிறேன். வெளுப்பூட்டாத பஞ்சைச் சிறு வலைப்பையில் போட்டுக் குழாய் வாயில் சில நாள் கட்டி வையுங்கள். எடுத்து அலசி, இருட்டில் உலர்த்தி, புற ஊதா விளக்கின் கீழ் பாருங்கள். துணி துவைக்கும் சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் பஞ்சில் ஒட்டியிருந்தால் அது நீல நிறமாக ஒளிரும். அப்படி ஒளிர்ந்தால் அந்தக் குழாய்க்குள் ஏதோ ஒரு வீட்டின் சலவைத் தண்ணீர் வருகிறது. அதற்கு மேல் எந்த வீடு என்று பார்ப்பது உள்ளாட்சி அமைப்பின் வேலை. கழிவறையில் சாயம் ஊற்றி, அது எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பார்கள். நீங்கள் எண் போட்ட படத்தோடு போனால் ‘ஓடை நாறுகிறது’ என்ற புகாருக்குக் கிடைக்காத கவனம் ‘ஏழாம் எண் குழாய்’ என்ற புகாருக்குக் கிடைக்கும். பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் இணைப்பு தவறு என்றே தெரியாது. அவர்களைத் திட்டாதீர்கள்.

மீன்கள் இறந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல நீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைகிறது. அதிலும் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் பங்கு எடுத்துக்கொண்டால் மீனுக்கு மிஞ்சாது. கரையில் நிழல் மரம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

ஜெர்மனியின் எம்ஷர் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கங்களால் நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால் அங்கே பூமிக்கடியில் சாக்கடை போட முடியவில்லை. ஆற்றையே கான்கிரீட் பூசிய திறந்த சாக்கடையாக்கினார்கள். நூறு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. சுரங்க வேலை அங்கிருந்து விலகி, நிலம் அமிழ்வது குறைந்ததும், 1992-இல் மீட்பு வேலையைத் தொடங்கினார்கள். 51 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் கழிவுநீர்க் குழாய் போட்டார்கள். 2021 முடிவில்தான் ஆறு கழிவுநீரிலிருந்து முழுதாக விடுபட்டது. கிட்டத்தட்ட முப்பது வருடம். கழிவுநீர் விலகிய கிளை ஓடைகளில் முதலிலும், கடைசியில் பெரிய ஆற்றிலுமாகக் கரையைத் திருத்தினார்கள். வரிசை மாறவில்லை.

கேள்வி: மழைத்தோட்டத்தில் கொசு பெருகாதா? ஓடையில் கொசு தின்னும் மீன் விடலாமா?

பதில்: முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரமாவது ஆகும். சரியாக அமைத்த மழைத்தோட்டத்தில் நீர் இரண்டு நாளுக்குள் மண்ணில் இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் மண் இறுகியிருக்கிறது, கிளறி மணல் சேருங்கள். மூன்றாம் நாளும் தேங்கி நிற்கிற பள்ளத்தைத் தோட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வெளியூர்க் கொசுமீன்களை விடவே விடாதீர்கள். உலகின் பல இடங்களில் கம்பூசியா மீனை அப்படி விட்டுவிட்டு, அது உள்ளூர் மீன்களின் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்பதைப் பார்த்துக் கைபிசைந்து நிற்கிறார்கள். கொசுப்புழுவைத் தின்னத் தும்பியின் குஞ்சுகள் இருக்கின்றன. நீர் தேறினால் அவை தாமாக வரும்.

கேள்வி: தெருவில் விழும் மழை மழைதானே? சாக்கடை கலக்காத வரை அது சுத்தம்தான் என்கிறார் என் கணவர். சரியா?

பதில்: பார்வைக்குச் சுத்தம். ஆனால் ஒரு மீனின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் பல ஓடைகளைப் பாடுபட்டு மீட்டார்கள். கோஹோ சால்மன் மீன்கள் கடலிலிருந்து திரும்பி வந்தன. வந்த மீன்கள் மழை பெய்ததும் முட்டையிடும் முன்பே திணறிச் செத்தன. சில ஓடைகளில் பாதிக்கு மேல். படுகை நன்றாக இருந்தது, கழிவுநீரும் இல்லை. ஏன் என்று தெரியாமல் பல வருடம் தேடினார்கள். 2020-இல்தான் விடை கிடைத்தது. டயரில் விரிசல் விழாமலிருக்க ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆக மாறுகிறது. டயர் தேய்ந்த துகளிலிருந்து அது மழையோடு ஓடைக்கு வருகிறது. கோஹோவை மிகச் சிறிய அளவே கொன்றுவிடுகிறது.

இந்தக் கதையில் நான் பிடித்துக்கொள்வது இன்னொரு பகுதியை. கொலைகாரன் யார் என்று தெரிவதற்கு முன்பே, அதே சாலைத் தண்ணீரை மணல், மட்கு உரம், மரப்பட்டை கலந்த மண் வழியாக வடித்து ஆய்வாளர்கள் மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மீன்கள் பிழைத்தன. ஒரு முழம் மண்ணால் அது முடிந்தது. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். சாலையிலிருந்து நீர் நேராகக் குழாய்க்குப் போகாமல் ஒருமுறையாவது மண்ணைத் தொட்டுப் போகட்டும்.

கேள்வி: எங்கள் ஓடை கோடையில் வறண்டுவிடுகிறது. தென் கொரியாவின் சோல் நகரத்தில் செய்தது போல நடைபாதை, கற்படி, எப்போதும் ஓடும் தண்ணீர் என்று அழகாக்க ஒரு திட்டம் பேசுகிறார்கள். ஆதரிக்கலாமா?
– ஒரு கட்டடக்கலை மாணவர்

பதில்: சோல் நகரத்தின் சோங்கேசோன் ஓடைமேல் மேம்பாலச் சாலையே ஓடியது. 2003-இல் அதை இடிக்கத் தொடங்கி, 2005-இல் சுமார் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்தார்கள். நகரத்தின் நடுவில் மக்கள் மறுபடி தண்ணீரில் கால் வைத்தார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓடையில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்து கொண்டுவருவது, நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன். மின்சாரம் நின்றால் ஓடை நிற்கும்.

உங்கள் ஓடை வறள்வதற்கும் முதல் கேள்வியில் கரை இடிந்ததற்கும் காரணம் ஒன்றே. மழை மண்ணில் இறங்காமல் அன்றே ஓடிவிட்டால், கோடையில் ஊறி வர நிலத்தடியில் என்ன இருக்கும்? சில ஓடைகள் இயல்பிலேயே கோடையில் வறள்பவை, அது நோயல்ல. பழைய ஆட்களிடம் விசாரித்து, முன்பு எந்த மாதம் வரை ஓடியது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

வடிவத்தை மட்டும் அழகாக்கினால் உயிர் திரும்புமா? மார்கரெட் பால்மரும் உடன் ஆய்வாளர்களும் 78 ஓடை மீட்புத் திட்டங்களின் முடிவுகளைத் திரட்டி 2010-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் வளைவும் கல்லும் பள்ளமும் நன்றாக அமைந்திருந்தன. நீர்வாழ் உயிரினங்களின் வகை உறுதியாகக் கூடியது என்று சொல்ல முடிந்தவை இரண்டே இரண்டு. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பேரின் உழைப்பு. திட்டக் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பணத்தில் எத்தனை பங்கு மேட்டுக்குப் போகிறது?

கேள்வி: மேடம், நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பக்கத்து ஓடை நல்லாகிறதா என்று கருவி எதுவும் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இந்த இதழின் மிக நல்ல கேள்வி உன்னுடையது, கண்ணா. ஆசிரியரோ பெரியவரோ கூட இருக்கும்போது மட்டும், தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லாத இடத்தில், வேகமாக ஓடும் பகுதியிலிருந்து உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பார். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஓடைநீர் விட்டு அதில் கல்லை அலசு.

சிவப்பு நூல் போல நெளியும் புழுக்கள் மட்டுமே இருந்தால் நீரில் ஆக்சிஜன் குறைவு. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அவற்றுக்கு இருப்பதால் அங்கேயும் பிழைத்துக்கொள்கின்றன. மணல் துகள்களைத் தன் வாயிலிருந்து வரும் பட்டுநூலால் ஒட்டி, சின்னக் குழாய் போல வீடு கட்டிக்கொண்டு ஒரு புழு இருக்கிறதா பார். அது கேடிஸ் என்ற பூச்சியின் புழு. வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் துடிக்க, வால்நுனியில் பெரும்பாலும் மூன்று மெல்லிய இழைகளோடு ஓடுவது மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு. இவற்றில் பல வகைகள் கெட்ட நீரைத் தாங்காதவை. அதனால் இவற்றைப் பல வகையாகப் பார்த்தால் நீர் தேறிவருகிறது என்று நம்பலாம்.

பார்த்த கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைத்துவிடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. மாதம் ஒரு நாள், அதே இடத்தில், அதே எண்ணிக்கையில் பத்துக் கற்களைப் பார்த்து நோட்டில் எழுதி வா. முந்தின வாரம் மழை பெய்ததா என்றும் எழுது. முதல் வருடம் ஒன்றும் மாறாமல் இருக்கலாம். இந்தக் குஞ்சுகள் வளர்ந்து சிறகு முளைத்த பூச்சிகளாகும். அவை பெரும்பாலும் வேறு ஓடையிலிருந்து பறந்துதான் வந்து முட்டையிட வேண்டும். பக்கத்தில் நல்ல ஓடை இல்லாவிட்டால் நாள் பிடிக்கும். நீ எட்டாம் வகுப்பு போகும்போது நோட்டை ஏழாம் வகுப்புக்காரர்களிடம் கொடு.

மூன்று இழை வால் உள்ள அந்தக் குஞ்சை முதன்முதலாகப் பார்க்கிற அன்று எனக்குக் கடிதம் போடு. எத்தனையாவது கல்லில் இருந்தது என்றும் எழுது.